மாமாவின் புல்லு

மாசி பிறந்து ஒரு கிழமை. விடிய ஐந்தரைக்கு எழும்பிக் கதவைத் திறந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது, அப்படிப் பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மம்மா போர்வைக்குள் இருந்தபடியே சொல்லுவா. எங்கள் வீட்டில் மச்சு கிச்சு ஒன்றும் இல்லை, சாதாரண ஓட்டு வீடு. ஆனாலும் ஒவ்வொரு வருசமும் சொல்லுவா.

செமஸ்டர் லீவுக்கு வந்து நின்ற மூன்று கிழமையும் காலையில் நான் பார்த்தது ஒரே காட்சிதான். அம்மம்மா ஈர்க்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்பா. கூட்டுவதற்கு முற்றம் இல்லை. அவவுக்கு முன்னால் மாமாவின் புல்லுத்தான் பனியில் மினுங்கிக்கொண்டு கிடக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படியில் விழுந்த நாலு வேப்பம் சருகைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவா.

அந்தப் புல்லு வந்த கதையை முதலில் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, கனடாவில் ஸ்கார்புரோவில் இருக்கிறார். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று பதினொரு வருசத்துக்குப் பிறகு குடும்பமாக வந்தார். பிள்ளைகள் இரண்டும் சின்னன்கள். எங்கள் பக்கம் செம்பாட்டு மண். வந்த இரண்டாம் நாளே சின்னவளுக்குத் தும்மல், பெரியவளின் வெள்ளைச் சப்பாத்து செங்கட்டி நிறம். "டாட், எவ்ரிதிங் இஸ் ரெட்" என்று அவள் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமா சிரிக்கவில்லை. அடுத்த கிழமை ஆட்களைப் பிடித்து, முற்றத்தைக் கொத்திச் சமப்படுத்தி, மலேசியன் புல்லு என்று சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டு வந்து பதிக்கிறார்களே, அதை நாலே நாளில் பதித்து முடித்துவிட்டார். 30 அடி அகலம், 60 அடி நீளம். வேலியில் இருந்து வாசற்படி வரைக்கும் பச்சை.

"இனிக் கூட்டுற வேலையும் இல்லை அம்மா. இருந்து பாருங்கோ."

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகன் பதினொரு வருசத்துக்குப் பிறகு வந்து நிற்கிற நேரத்தில் ஆர் என்னத்தைச் சொல்லுறது?

புரட்டாதி முழுக்க அம்மா தண்ணி விட்டா. ஐப்பசியில் மாரி பிடித்ததும் புல்லு தன்பாட்டில் வளர்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு, அவருக்குச் சனி இரவு ஒன்பதரை, வீடியோ கோல் வரும். "அக்கா, ஒருக்காப் புல்லைக் காட்டுங்கோ." அம்மா ஃபோனைத் திருப்பிக் காட்டுவா. "சொன்னன் தானே!" என்பார். மார்கழி, தை எல்லாம் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பிரச்சினை மாசியில் தொடங்கியது.

வெளியூர் நண்பர்களுக்கு இந்த மாசி மாதத்தை விளங்கப்படுத்துவது கஷ்டம். விடியப் பனி, பத்து மணிக்கு மேல் சுடுவெயில். பனியைப் பார்த்து ஈரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இலைக்கு மேலேதான் ஈரம், வேருக்கு ஒன்றுமில்லை. வாடைக்காற்று மழை முடிந்துவிட்டது. இனிச் சித்திரையில் இரண்டு மூன்று இடி மழை விழலாம். அதை விட்டால் ஐப்பசி வரைக்கும் கிணறுதான். அதனால் வளவில் செய்கிற வேலை முழுவதும் ஒரே வேலையின் வெவ்வேறு துண்டுகள் மாதிரி. மாரி தந்துவிட்டுப் போன ஈரத்தை எத்தனை நாளைக்குப் பிடித்து வைத்திருக்கலாம் என்பதுதான் கணக்கு.

வேம்பு இலை கொட்டுவதும் இந்த நேரம்தான். முன்பென்றால் அம்மம்மா காலையும் பின்னேரமும் கூட்டி, சருகைக் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய் வாழையடியிலும் கத்தரிப் பாத்தியிலும் மூடுவா. அந்தச் சருகு மூடினால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி விட்டாலே காணும். தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டிப் பொச்சுமட்டை தாட்பதும் அதற்குத்தான். மட்டையின் உட்பக்கம் மேலே பார்க்க, அடுக்கடுக்காக வைத்து மண் போட்டு மூடவேண்டும். தண்ணியைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்லக் கொடுக்கும். அம்மம்மா இதை எனக்குச் சொல்லித் தந்தபோது நான் குப்புற வைத்துவிட்டேன். "குடையைக் குப்புறப் பிடிச்சு மழை ஏந்துவியோ?" என்று கேட்டா. குடையைப் பிடிப்பதே குப்புறத்தானே என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

மிளகாய்க்குச் சாம்பல் தூவுவது விடியக்காலை வேலை. இலையில் பனி இருக்கும்போதுதான் சாம்பல் ஒட்டும், வெயில் வந்த பிறகு தூவினால் காற்றோடு போய்விடும். வெயில் ஏற ஏற இலைச்சுருள் வரும். அதற்கு வேப்பங்கொட்டையை இடித்து ஒரு இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி கலந்து பின்னேரத்தில் அடிப்போம். முருங்கையில் மயிர்க்கொட்டி இருந்தால் தென்னோலைச் சூள் கட்டிக் காட்டவேண்டும். இந்த முறை அந்த வேலை எனக்கு விழுந்தது. இரண்டு நாள் கழுத்துச் சொறிந்ததுதான் மிச்சம். கறுத்தக்கொழும்பான் பூத்து நின்றது. பனிக்கு மாம்பூ கருகும் என்று பின்னேரத்தில் மரத்தடியில் பச்சை வேப்பிலை போட்டுப் புகை மூட்டுவா அம்மம்மா. புகைக்குப் பூ நிற்குமோ நிற்காதோ, நுளம்பு நிற்காது.

ஆடு இரண்டு. விடியக் குளிருக்குச் சாக்குப் போர்த்து, பத்து மணிக்குக் கழற்றி விடவேண்டும். 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்ததற்குப் பிறகு அம்மம்மா பனியை விளையாட்டாக எடுப்பதில்லை. வெளியே கட்டாமல், கொக்கத்தடியால் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வெட்டி உள்ளேயே போடுவா.

இவ்வளவும் நடக்கிற வளவில் நடுவில் இந்தப் பச்சைச் சதுரம் மட்டும் ஒன்றும் தராமல் தண்ணி கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் கம்பஸில் புவியியல் படிக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1800 சதுர அடி என்றால் கிட்டத்தட்ட 167 சதுர மீற்றர். இந்த வெயிலுக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஒருநாளைக்கு 5 லீற்றர் என்று வைத்தாலே 835 லீற்றர். கூரைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் கறுப்புத் தண்ணித்தாங்கி 1000 லீற்றர். அம்மாவின் தோட்டத்தில் நாற்பது கத்தரி, அறுபது மிளகாய். கண்டுக்கு 4 லீற்றர் போட்டாலும் 400 லீற்றர்தான். கறிக்கும் சந்தைக்கும் போகிற மரக்கறிக்கு விடுவதைப்போல் இரண்டு மடங்கை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலுக்கு விட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த எண்ணெல்லாம் அம்மம்மாவுக்குத் தேவையில்லை. அவவுக்கு வேறு கணக்கு. எங்கள் கிணற்றின் மேல்பகுதி கல்லுக் கட்டு. தண்ணிக்கு மேலே எத்தனை வரிசைக் கல்லுத் தெரிகிறது என்று எட்டிப் பார்த்து எண்ணுவா. மார்கழியில் மூன்று. தைப்பொங்கலுக்கு ஐந்து. மாசி முதல் கிழமை எட்டு. "போன வருசம் இந்த நேரம் ஆறு" என்று ஒருநாள் சொன்னா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று நாலாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரித் தண்ணி இறங்கி, கீழே இருக்கிற உவர்த் தண்ணிக்கு மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் இறைக்கிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருக்கிற உவர் மேலே வரும். மேலே போடுகிற பசளையும் அதற்குள்தான் போகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடிப்போய் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. புல்லு பதித்தவர்கள் மாதத்துக்கு ஒருக்கா யூரியா வீசச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா இரண்டு தரம் வீசியும் இருக்கிறா. கிணறு பதினைந்து அடி தள்ளித்தான்.

அப்பப்பா காலத்தில் துலா மிதித்து இறைத்தார்களாம். ஒரு பட்டைத் தண்ணியின் பாரம் தெரிந்த ஆட்கள் அதைப் புல்லுக்கு ஊற்றியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு, நானும் சுவிச்சைப் போட்டுவிட்டுப் ஃபோன் பார்க்கிற ஆள்தானே என்பதும் நினைவு வந்தது.

ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாமா அனுப்புகிற காசில்தான் என் போர்டிங் வாடகை போகிறது. ஓடு மாற்றியது அவர் காசில். அம்மம்மாவின் கண் ஒப்பரேசன் அவர் காசில். ஒருநாளும் சொல்லிக்காட்டாத மனுசன் அவர். அதனால் இன்னும் வாய் வராது. தண்ணி குறைந்தபோது அம்மா செய்த வேலை, கத்தரிப் பாத்தியில் பாதியை விட்டுவிட்டதுதான். நான் வந்த இரண்டாம் கிழமை இருபது கத்தரிக் கண்டு வாடித் தலை சாய்ந்து நின்றன. புல்லு பச்சையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கிடையில் ரைகர் விழுந்து படுத்தான். ரைகர் ஊர் நாய், ஆறு வயது. முன்பு முற்றத்து மண்ணில் கிடங்கு தோண்டிப் படுப்பவன், புல்லு வந்த பிறகு அதிலேயே புரண்டான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் கொத்தாக உண்ணி. முரசு வெளிறிப் போயிருந்தது. சலம் தேத்தண்ணி நிறத்தில் போனது. அம்மா மண்ணெண்ணெய் பூசுவோமா என்றா, ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். நல்லகாலம், நான் மறித்து ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். உண்ணிக் காய்ச்சல். ஊசி போட்டுவிட்டு, மண்ணெண்ணெய் தோலைப் பொக்களிக்க வைக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும் என்று ஏசினார். வீட்டில் இருக்கிற பனடோலை உடைத்துக் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம் என்றார். பூனைக்கு அது நஞ்சே தானாம்.

"உந்தப் புல்லாலதானே டொக்டர்?" என்று நான் கேட்டேன். ஓம் என்று சொல்லுவார், மாமாவிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும் என்று எனக்கு ஆசை.

அவர் சொல்லவில்லை. நாயில் இருக்கிற இந்த உண்ணி சுவர் வெடிப்பிலும் படி இடுக்கிலும் ஏறித்தான் கூடுதலாக முட்டையிடும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும், புல்லில்லாத வீட்டு நாய்க்கும் வருகிறது என்றார். ரைகர் படுக்கிற சாக்கைக் கொதிதண்ணியில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும், சுவர் வெடிப்பைச் சீமெந்தால் அடைக்க வேண்டும், பிடுங்கிற உண்ணியை விரலால் நசிக்காமல் சவர்க்காரத் தண்ணிக்குள் போட வேண்டும். வீட்டுக்கு வந்து திண்ணைக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு முழுக்க உண்ணி. புல்லு வர முதலே இருந்த வெடிப்பு. வழக்கில் எனக்கு இருந்த ஒரே நல்ல சாட்சி அப்படிப் போய்விட்டது. ரைகர் நாலாம் நாள் எழும்பிக் கஞ்சி குடித்தான்.

அந்த இரவுகளில்தான், ரைகருக்குப் பக்கத்தில் திண்ணையில் இருந்தபடி, அம்மம்மாவிடம் கேட்டேன். புல்லில் அவவுக்கு என்னதான் பிடிக்கவில்லை? தண்ணியோ?

"தண்ணியும்தான். புடையன் கிடந்தாத் தெரியாது, அதுவும்தான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "உந்த முத்தம் எனக்கு வாசிக்கிற பேப்பர் மாதிரிப் பிள்ளை."

இரவு கூட்டிவிட்டுப் படுத்தால் விடிய முற்றத்தில் எல்லாம் எழுதியிருக்குமாம். மரநாய் வந்தது, கோழிக்கூட்டைச் சுற்றினது, பாம்பு ஊர்ந்தது, பக்கத்து வீட்டுப் பெடியன் மாங்காய்க்கு வந்தது. பிரச்சினைக் காலத்தில் இரவில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களின் செருப்படியும் இருக்கும். சப்பாத்து அடியும் இருக்கும், வேலியோரமாக நின்றுவிட்டுப் போன அடி. ஆர் வந்தது என்று ஒருத்தரும் கேட்க முதல், கிழக்கு வெளுக்க முதலே எழும்பிக் கூட்டிவிடுவாவாம். "கூட்டினா ஒருத்தரும் வரேல்லை. அவ்வளவுதான்."

நான் இருபத்திரண்டு வருசமாக அவ கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுத்தத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் அம்மா இன்னொன்று சொன்னா. ஒருத்தர் பயணம் வெளிக்கிட்ட உடனே கூட்டக்கூடாது என்பது எல்லா வீட்டு வழக்கமும்தானே. பத்தொன்பது வயதில் மாமா வெளிக்கிட்டபோது அம்மம்மா மூன்று நாள் முற்றம் கூட்டவில்லையாம்.

ஞாயிறு வந்தது. அம்மா ஃபோனைத் தூக்க முதல் நான் எடுத்தேன்.

"மாமா, இண்டைக்குப் புல்லைக் காட்டேல்லை. உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்."

சொன்னேன். 835 லீற்றர், கத்தரி, எட்டு வரிசைக் கல்லு, யூரியா. ஒரு பிரசன்ரேசன் செய்கிற மாதிரித்தான் சொன்னேன் போல. அம்மா குசினி வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தா. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நெற் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ கோவிப்பாய் எண்டு," உள்ளே இருந்து அம்மம்மா.

"நான் ஏனம்மா கோவிக்கிறன்?" குரல் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. பிறகு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அந்த மண்ணில உருண்டு வளந்தவன் நான். எனக்கோ புல்லு வேணும்? சின்னவள் போகேக்க பிளேனுக்க கேட்டவள், அடுத்தமுறை வந்தா அந்தப் புல்லில விளையாடலாமோ எண்டு. வாறதுக்கு அவளுக்கு ஒரு காரணம் இருக்கட்டும் எண்டு பாத்தன். புழுதி எண்டு சொல்லிச்சொல்லி, நாளைக்கு என்னோட வரமாட்டன் எண்டால் நான் என்ன செய்யிறது?"

என்னிடம் நிலத்தடி நீரைப் பற்றி இன்னும் நாலு விசயம் இருந்தது. ஒன்றும் இதற்குப் பதில் இல்லை.

அவரே கதையை மாற்றினார். ஃபோனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினார். தெரு லைற் வெளிச்சத்தில் பனிக்குவியல். அவருடைய புல்லு அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறதாம், பங்குனி கடைசியில்தான் காணலாமாம். ஜன்னல் ஓரத்தில் யோகட் கோப்பைகளில் மிளகாயும் கத்தரியும் முளைக்க வைத்திருந்தார். வைகாசி நடுப்பகுதி வரைக்கும் வெளியில் வைக்க முடியாது. அவர்களின் நாயும் வந்து எட்டிப் பார்த்தது, நாலு காலிலும் சின்னச் சப்பாத்து. ஐஸ் கரைக்கத் தெருவுக்கு உப்புப் போடுவார்கள், அது நாயின் பாதத்தைச் சுடும், அதுதான் நடக்கக் கூட்டிப்போகும்போது சப்பாத்து என்றார். அம்மம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தா. "எட, நாய்க்குச் சப்பாத்தோ! இஞ்ச ஒருத்தன் உண்ணியோட கிடந்து செத்துப் பிழைச்சவன்." மாமா சிரித்தார். அப்போதுதான் ரைகரின் கதையும் வெளியில் வந்தது.

கடைசியில் முடிவானது இதுதான். கிணற்றடியில் குளிக்கிற தண்ணி ஓடுகிற வாய்க்கால் பக்கமாகப் பத்தடிப் புல்லு இருக்கட்டும், அதற்குத் தனியாக இறைக்கத் தேவையில்லை. சின்னவள் வந்தால் அதில் விளையாடலாம். மிச்சத்துக்குத் தண்ணி நிற்பாட்டுவது. "ஆட்டை அவிட்டு விடுங்கோ" என்று மாமாவே சொன்னார். சொல்லிவிட்டு உடனே கோலைக் கட் பண்ணிவிட்டார்.

அம்மம்மா அன்று பின்னேரமே அவிழ்த்துவிட்டா. ஆடுகளுக்கு அவ்வளவு விருப்பமில்லை, நுனியைக் கடித்துவிட்டுப் பூவரசுக்குப் போய்விட்டன. வேலையைச் செய்தது வெயில்தான். பத்து நாளில் வைக்கோல் நிறம். நானும் அம்மாவும் மண்வெட்டியால் சீவிச் சீவி எடுத்து வாழையடிக்கு மூடினோம், மாமாவின் காசு அப்படியாவது வாழைக்குப் பயன்படட்டும். வாடின கத்தரியில் பதினாலு தப்பின.

மண் முழுதாகத் தெரிந்த முதல் நாள் அம்மம்மா சாணித்தண்ணி தெளித்துக் கூட்டினா. விடிய நான் எழும்பிப் பார்த்தேன். ரைகரின் அடி, ஒரு பக்கத்தால் மட்டும். கோழிக்கூட்டடியில் என்னவோ சுற்றியிருந்தது. மரநாய் என்று நான் சொன்னேன். "அது பூனை" என்றா அம்மம்மா, பார்த்த மாத்திரத்தில்.

நான் கம்பஸுக்கு வெளிக்கிட முதல் ஞாயிறும் மாமா எடுத்தார். முற்றத்தைக் காட்டவா என்று கேட்டேன்.

"வேண்டாம். கிணத்தைக் காட்டு."

கட்டில் சாய்ந்து, ஃபோன் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் கீழே காட்டினேன். அவர் சத்தமாக எண்ணினார், சின்னப் பிள்ளை எண்ணுகிற மாதிரி. 

"பத்து."

"பதினொண்டு," என் தோளுக்குப் பின்னால் அம்மம்மா. "கீழ ஒண்டு இருட்டுக்க நிக்குது. வடிவாப் பார் தம்பி."